ஓரத்து வீடு காப்பகமானபோது: கட்டடப் பயன்பாட்டுத் தகராறு எப்படித் தீர்கிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் எஸ்டேட் பட்டணத்தில், பழைய ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் எழுந்த ஒரு தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி. அங்கே வீட்டு வரிசையின் கடைசியில் உள்ள ஓரத்து வீட்டுக் கேட்டில் ஒரு திங்கட்கிழமை காலை வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. நகராண்மைக் கழகத்தின் முத்திரை, வீட்டை அனுமதியில்லாமல் காப்பகமாகப் பயன்படுத்துவதாக மலாயில் இரண்டு பத்தி, கீழே ஒரு கையெழுத்து. பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட தாய்மார்கள் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். காப்பகம் நடத்தும் அக்கா அதைக் கிழித்துப் போடவில்லை. மழையில் நனையாதபடி மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார். "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு புரியுது. நான் என்ன தப்பு செஞ்சேன்னுதான் புரியல."

நான் பெலான், அதாவது கட்டட வரைபடம், வரையும் அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுக்கு மேலாக வேலை பார்க்கிறேன். இப்படிப்பட்ட நோட்டிஸோடு வருகிறவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள். வீட்டில் பிள்ளைக் காப்பகம், கடை மாடியில் தொழிலாளர் விடுதி, வீட்டு முன்னறையில் தையல் கடை, பழைய ஸ்டோரில் கல்யாண மண்டபம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை. எல்லோரும் கேட்பது அக்கா கேட்டதைத்தான். சொந்த வீடு, சொந்த உழைப்பு, யாரையும் ஏமாற்றவில்லை. அப்புறம் என்ன தப்பு?

இந்தக் கேள்வி வரும் இடம் தோட்டம். தொழிலாளர்களின் லயத்து வீடு, பள்ளிக்கூடம், கோயில், கள்ளுக்கடை, மருந்தகம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை எல்லாம் கம்பெனி நிலத்தில் நின்றன. பழைய ஸ்டோர் ஒன்றை வாசகசாலையாக்க வேண்டுமென்றால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அலுவலக எழுத்தரான கிராணியிடம் சொல்வார், கிராணி தோட்ட மேலாளரான துரையிடம் சொல்வார். துரை 'சரி' என்றால் மறுநாளே பலகையை மாட்டிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும் என்ற பேச்சே கிடையாது, ஏனென்றால் அவருக்கும் அந்த வீடு சொந்தமில்லை. மூன்று தலைமுறை அப்படித்தான் வாழ்ந்தது.

1950களின் பிற்பகுதியில் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் பிறகும் தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிக்கொண்டே இருந்தன. லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் வங்கிக் கடனில் தாமான் வீடு வாங்கின. கையில் முதன்முதலாகச் சொந்தப் பெயரில் ஒரு கிராண்ட், அதாவது நிலப் பத்திரம். அந்தக் கிராண்டில் 'நிபந்தனை' என்று ஒரு வரி அச்சாகியிருந்ததைப் பலரும் படிக்கவில்லை. படித்தவர்களுக்கும் அது என்ன என்று யாரும் சொல்லித்தரவில்லை. அக்காவின் அம்மா தோட்டத்து ஆயாக்கொட்டகையில் ஆயாவாக இருந்தவர். மகள் செய்வதும் அதே வேலைதான். அம்மா காலத்தில் அனுமதி துரை வாயிலிருந்து வந்தது. மகள் காலத்தில் அது மூன்று கோப்புகளில் பிரிந்து கிடக்கிறது.

தகராறு நீண்டுபோக முதல் காரணம் இந்த மூன்று கோப்புகளையும் ஒன்றாக நினைப்பது. ஒன்றுக்கு எழுத வேண்டிய பதிலை இன்னொன்றுக்கு எழுதி ஆறு மாதத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் கோப்பு நில அலுவலகத்தில் இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி நிலத்துக்கு மூன்று வகைப் பயன்பாடு: விவசாயம், கட்டடம், தொழில். வகைக்கு மேல் தனி நிபந்தனையும் இருக்கும். தாமான் வீடு என்றால் குடியிருப்புக் கட்டடத்துக்கு மட்டும் என்று எழுதியிருப்பார்கள். அதை மாற்றப் பிரிவு 124ன் கீழ் மாநில அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஊரில் இதைத்தான் 'துக்கார் ஷாராட்' என்கிறோம். ஒப்புதல் கிடைத்தால் பிரீமியம் என்ற கட்டணம் கட்ட வேண்டிவரும். நிபந்தனையை மீறினால் திருத்தச் சொல்லி நோட்டிஸ் வரும், கடைசி எல்லையாக நிலத்தைப் பறிமுதல் செய்யவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு.

இரண்டாவது கோப்பு ஊராட்சி மன்றத்தின், எங்கள் ஊரில் நகராண்மைக் கழகத்தின், திட்டமிடல் பிரிவில். அக்காவின் நோட்டிஸ் இங்கிருந்து வந்தது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, 'மேம்பாடு' என்ற சொல்லுக்குக் கட்டுவது, தோண்டுவது என்பதோடு நிறுத்தவில்லை. நிலத்தின் அல்லது கட்டடத்தின் பயன்பாட்டில் கணிசமான மாற்றம் செய்வதும் மேம்பாடுதான் என்கிறது. கட்டடத்தின் ஒரு பகுதியில் மட்டும் மாற்றினாலும் அப்படியே. பிரிவு 19ன்படி திட்டமிடல் அனுமதி இல்லாமல் மேம்பாடு செய்யக்கூடாது. ஒரு செங்கல்லைக்கூட அசைக்காத அக்கா சட்டத்தின் கண்ணில் 'மேம்பாடு' செய்துவிட்டார். கட்டாதவருக்கு ஏன் திட்டமிடல் நோட்டிஸ் என்ற குழப்பம் எல்லோருக்கும் வருகிறது, அது நியாயமான குழப்பமும்கூட. இந்தச் சட்டம் தீபகற்பத்துக்கு. கோலாலம்பூருக்கு 1982ஆம் ஆண்டின் தனிச் சட்டமும், சபா, சரவாக்கிற்கு அவர்களுடைய சட்டங்களும் உண்டு.

மூன்றாவது, கட்டடப் பிரிவு. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் பிரிவு 70ன்படி, ஒரு கட்டடத்தை அது எதற்காகக் கட்டப்பட்டதோ அதல்லாத காரியத்துக்குப் பயன்படுத்த முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி வேண்டும். 'துக்கார் குனா பங்குனான்' என்று முகப்பில், அதாவது கவுண்டரில், கேட்பது பெரும்பாலும் இதை.

இவை முடிந்த பிறகுதான் தீயணைப்புத் துறை, சமூக நல இலாகா, கடைசியில் வியாபார லைசன். நம் ஆட்கள் தலைகீழாகப் போகிறார்கள். முதலில் லைசன் முகப்புக்குப் போகிறார்கள், அங்கிருந்து திட்டமிடலுக்கு அனுப்புகிறார்கள், திட்டமிடல் கிராண்ட் நகலைக் கேட்கிறது. மனம் வெறுத்து யாராவது அரசியல்வாதியிடம் ஆதரவுக் கடிதம் வாங்கி வருகிறார்கள். அந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர்ப்பார்கள். ஆனால் சட்டம் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அதில் பதில் இருக்காது.

சரி, கணிசமான மாற்றம் என்றால் எது? அக்கா மூன்று பிள்ளைகளோடு தொடங்கினார். பக்கத்துத் தெருவில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் இரண்டு தாய்மார்களின் பிள்ளைகள், கூடவே தன் அண்ணன் மகள். அப்போது அது பாட்டி வீடு மாதிரி. யாரும் அதை வியாபாரம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டு வளாகத்தை வாழ்க்கைக்குத் துணையான காரியங்களுக்குப் பயன்படுத்த அனுமதி தேவையில்லை என்று சட்டம் 172ம் சொல்கிறது. ஐந்து ஆண்டில் பிள்ளைகள் இருபத்துமூன்று பேர் ஆனார்கள். இரண்டு உதவியாளர்கள், மதியம் பள்ளி வேன்கள், முன்னறையில் வரிசையாக மெத்தை, பின்னால் பெரிய சமையல். எந்த நாளில், எத்தனையாவது பிள்ளையில் வீடு காப்பகமாகியது? சட்டம் 172ல் அப்படி எண் எதுவும் கிடையாது. அளவையும் தன்மையையும் பார்த்து முடிவு செய்யும் காரியம் அது.

எண் இருப்பது வேறு சட்டத்தில். 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குக் குறைந்த நான்கு பிள்ளைகளைக் கூலிக்குப் பார்த்துக்கொண்டாலே அது 'தஸ்கா', பதிவு செய்ய வேண்டும். பத்துக்குக் கீழ் என்றால் வீட்டுத் தஸ்கா, பத்தும் அதற்கு மேலும் நிலையத் தஸ்கா. பள்ளி விட்டு வரும் பெரிய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தில் வருகிறது. அக்கா வீட்டுத் தஸ்காவாகப் பதிந்திருந்தார். அந்தச் சான்றிதழைக் காட்டி, "கவர்மெண்ட்டே குடுத்திருக்கே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சமூக நல இலாகா பார்ப்பது பிள்ளையின் பாதுகாப்பை, திட்டமிடல் பிரிவு பார்ப்பது தெருவை. ஒன்றின் சான்றிதழ் மற்றொன்றுக்குச் செல்லாது. அதோடு, ஒன்பது பிள்ளைகளுக்கான சான்றிதழில் இருபத்துமூன்று பேரைக் காட்டவும் முடியாது.

நோட்டிஸில் இருந்த தண்டனைத் தொகையைப் படித்துத்தான் அக்கா இரண்டு நாள் தூங்கவில்லை. சட்டம் 172ன் பிரிவு 26ன்படி அனுமதியில்லா மேம்பாட்டுக்கு 500,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குற்றம் தொடர்ந்தால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரிங்கிட் வரை. தொகை பெரிது, உண்மைதான். ஆனால் அது உச்சவரம்பு. கேட்டில் தாள் ஒட்டியதும் யாரும் அதைக் கட்டச் சொல்லிவிட மாட்டார்கள். அதே சட்டத்தின் பிரிவு 27ல் ஒரு வழி இருக்கிறது. நோட்டிஸ் பெற்றவர் குறித்த காலத்துக்குள், ஏற்கனவே செய்துவிட்ட மேம்பாட்டுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். நோட்டிஸைப் பார்த்துப் பயந்து ஒதுங்கினால் போவது இந்தக் காலம்தான். கோபத்தில் கிழித்துப் போடுகிறவர்கள் இழப்பதும் அதையே. அதனால் நான் யாருக்கும் முதலில் சொல்வது, தாளில் உள்ள தேதியைப் பாருங்கள் என்பது. பிளாஸ்டிக் உறை போட்ட அக்கா அந்த வகையில் சரியாகவே செய்தார்.

விண்ணப்பம் என்றால் உள்ளூர்த் திட்டத்தைப் பார்க்க வேண்டும். ஊராட்சிப் பகுதிக்கான வரைபடமும் எழுத்தறிக்கையும் சேர்ந்த ஆவணம் அது, 'ரன்சாங்கான் தெம்பாத்தான்'. எந்த நிலத்தில் எந்தப் பயன்பாட்டை அனுமதிக்கலாம், எதை நிபந்தனையோடு அனுமதிக்கலாம், எதை அனுமதிக்கக்கூடாது என்ற அட்டவணை அதில் இருக்கும். வரைவு நிலையில் குறைந்தது நான்கு வாரம் ஆட்சேபம் சொல்ல மக்களுக்குக் காலம் தர வேண்டும். அந்த நான்கு வாரம் மன்றத்தின் கூடத்தில் வரைபடம் தொங்கும்போது நம் தாமான்களிலிருந்து யாரும் போவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, வேலை நாளில் யார் போக முடியும்? ஆனால் பின்னால் வரும் சண்டைகளில் பாதிக்கு விதை அங்கேதான் விழுகிறது. அக்காவின் தாமானுக்கான அட்டவணையில் குடியிருப்புப் பகுதியில் காப்பகத்தை நிபந்தனையோடு அனுமதிக்கலாம் என்று இருந்தது. ஓரத்து வீடாக இருந்ததும் துணை. நடுவீட்டுக்குப் பல மன்றங்கள் எளிதில் தருவதில்லை. இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி பக்கத்து வீட்டுக்காரர். புகார் கொடுத்தது அவர்தான். அக்கா அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். இருவரும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள், இரண்டு லயம் தள்ளி. அதனாலேயே புகார் அக்காவுக்குத் துரோகமாகப்பட்டது. "நேர்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அண்ணன் சொன்னார், "நாலு தடவ சொன்னேம்மா. சரிண்ணே சரிண்ணேன்னு சொன்னியே தவிர ஒண்ணும் மாறல."

அண்டை வீட்டாருக்குச் சட்டத்தில் என்ன இடம்? சட்டம் 172ன் பிரிவு 21ன்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் விண்ணப்பம் வந்தால், அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். 'அண்டை' யார் என்பதையும் சட்டமே சொல்கிறது. ஒட்டிய நிலம். 20 மீட்டருக்கு மிகாத சாலையோ சந்தோ வடிகாலோ நடுவில் இல்லையென்றால் ஒட்டியிருக்கக்கூடிய நிலம். எதிர்வீட்டுக்காரர் இதில் வந்துவிடுகிறார். மூன்றாவது பலருக்குத் தெரியாது. சாலை முட்டுச்சந்தாக, 'ஜாலான் மாத்தி'யாக இருந்தால், அதே சாலையைப் பயன்படுத்தும் 200 மீட்டருக்குள் உள்ள எல்லா நிலத்தாரும் அண்டைதான். முட்டுச்சந்தில் ஒரு கார் தாறுமாறாக நின்றாலும் உள்ளே இருப்பவர் எல்லோரும் அடைபடுவார்கள் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் எங்கள் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வந்துவிட்டது. அப்படியானால் பிரிவு 21ன் ஆட்சேப உரிமை அண்ணனுக்கு எழவில்லை. மன்றம் வழக்கப்படி அண்டை வீட்டாரின் கருத்தைக் கேட்டது, அவ்வளவுதான். இதற்கு ஒரு பின்விளைவு உண்டு. மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகும் உரிமை விண்ணப்பதாரருக்கும், பிரிவு 21ன் கீழ் ஆட்சேபித்தவருக்கும் மட்டுமே. அக்காவுக்கு அனுமதி கிடைத்துவிட்டால் அண்ணனுக்கு மிஞ்சுவது உயர்நீதிமன்றம். அக்காவுக்கும் நிலைமை வசதியாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எதிர்ப்பு என்று கோப்பில் எழுதிவிட்டால் அதிகாரி கையெழுத்துப் போடத் தயங்குவார். இரண்டு பேருக்கும் பேசித் தீர்ப்பதே லாபம் என்பதை இருவரிடமும் தனித்தனியே சொன்னேன். இரண்டு பேரும் நம்பவில்லை.

அண்ணனின் புகார்க் கடிதத்தில் மூன்று காரணம் இருந்தது: சத்தம், போக்குவரத்து, குடியிருப்பில் வியாபாரம். எல்லோரும் எழுதுவது இதே மூன்றைத்தான். இப்படிப் பொதுவாக எழுதிய புகாருக்குப் பொதுவான பதில்தான் வரும். உண்மையில் என்ன வலிக்கிறது என்று தெரியாமல் நிபந்தனை எழுதினால் அது யாருக்கும் உதவாது. அதனால் ஒரு செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் லீவு போட்டுவிட்டு, எதிர்வீட்டு முன்தாழ்வாரமான அஞ்சடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

காலையில்தான் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். 6.40 முதல் 7.20 வரை கார்களும் மோட்டார்களும் வந்து போயின. நெரிசல்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. அண்ணன் வீட்டுக் கார் அதற்கு முன்பே, 6.10க்கே கிளம்பிவிட்டது. செவ்வாய், வியாழன், சனி அவர் மனைவியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் நாள். மதியம் 12.50க்குப் பள்ளி வேன் வந்தது. அக்கா கேட்டின் முன்னால் நிற்கவில்லை. அண்ணன் வீட்டு வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாமரத்து நிழலில், சரியாக அவர் கேட்டை மறித்து நின்றது. டிரைவர் இறங்கி, பிள்ளைகளின் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது வேனும் அதன் பின்னாலேயே நிழலைப் பார்த்து நின்றது. 12.55க்கு அண்ணனின் கார் திரும்பி வந்தது. கேட்டுக்குள் போக முடியவில்லை. முன்சீட்டில் அவர் மனைவி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார், கையில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. அண்ணன் ஹார்ன் அடிக்கவில்லை. ஏழு நிமிடம் காத்திருந்தார். மறுநாள் புதன்கிழமை அதே வேன்கள் அதே இடத்தில் நின்றன, யாருக்கும் தொந்தரவில்லை.

அந்த ஏழு நிமிடத்தைப் பற்றிப் புகாரில் ஒரு வரிகூட இல்லை. மனைவியின் நோயைக் கடிதத்தில் எழுத அவருக்கு மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் அக்காவிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். மதியம் அந்த நேரத்தில் அவர் பின்கட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பார், வாசல் பக்கமே வருவதில்லை. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

அதன் பிறகு வேலை எளிதானது. ஓரத்து வீடுகளுக்குப் பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம் உண்டு, குறுக்குச் சாலையைப் பார்த்தபடி. பிள்ளைகள் ஏறி இறங்கும் கேட்டை அந்தப் பக்கம் மாற்றி பெலான் போட்டேன். பதிவுபெற்ற திட்டவியலாளர் ஒருவர் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தார். 2007 முதல் ஊராட்சி மன்றங்களில் 'ஓஎஸ்சி' என்ற ஒரே முகப்பு இருக்கிறது, அதன் வழியாகச் சம்பந்தப்பட்ட இலாகாக்களுக்கு விண்ணப்பம் போகும். அண்ணன் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக் கடிதம் கொடுத்தார். மன்றம் ஓராண்டுக்குத் தற்காலிக அனுமதி தந்தது. பதினெட்டுப் பிள்ளைகளுக்கு மேல் கூடாது, நேரம் காலை 6.30 முதல் மாலை 6.30 வரை, வாகனங்கள் பக்கக் கேட்டில் மட்டும், அண்டை வீட்டு நுழைவாயிலை மறிக்கக்கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு வேறு இடம் தேடிக்கொடுத்தது அக்காவுக்குப் பெரிய வேதனை. அதில் இரண்டு தாய்மார்கள் இரவு ஷிஃப்டு பார்ப்பவர்கள். சமூக நல இலாகாவில் நிலையத் தஸ்காவாகவும், பெரிய பிள்ளைகளுக்குப் பராமரிப்பு மையமாகவும் புதிதாகப் பதிய வேண்டிய வேலையும் கூடவே வந்தது. கிராண்டில் உள்ள குடியிருப்பு நிபந்தனை இன்னும் அப்படியே நிற்கிறது. நிரந்தரமாக நடத்த வேண்டுமென்றால் அந்தக் கோப்பையும் ஒரு நாள் திறக்க வேண்டும்.

நிபந்தனைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதிகாரி எழுதியது எதுவானாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1979ல் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த ஸ்ரீ லெம்பா வழக்கு இதற்கு நல்ல பாடம். ஒரு நிறுவனம் நிலப் பயன்பாட்டை மாற்றக் கேட்டது. நிலத்தின் நிரந்தர உரிமையைக் கொடுத்துவிட்டு 99 ஆண்டுக் குத்தகையாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது. நிபந்தனை, அனுமதிக்கும் மேம்பாட்டோடு நியாயமான தொடர்புடையதாக இருக்க வேண்டும். சட்டம் தரும் ஒவ்வோர் அதிகாரத்துக்கும் சட்டத்தின் எல்லை உண்டு, இல்லையென்றால் அது சர்வாதிகாரம் என்று அந்தத் தீர்ப்பில் எழுதியவர் ராஜா அஸ்லான் ஷா, பின்னாளில் எங்கள் பேராக்கின் சுல்தானாகவும் நாட்டின் மாமன்னராகவும் இருந்தவர். பேராக்காரன் என்ற முறையில் அந்த வரியை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், அல்லது இப்படி ஒவ்வாத நிபந்தனை வந்தால், முடிவு கையில் கிடைத்த ஒரு மாதத்துக்குள் சட்டம் 172ன் பிரிவு 23ன் கீழ் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். வாரியத்தின் முடிவே இறுதி, எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று சட்டம் எழுதியிருக்கிறது. அப்படியிருந்தும் நடைமுறைத் தவறோ அதிகார மீறலோ இருந்தால் உயர்நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு கேட்பதுண்டு. அதற்கு மூன்று மாதக் கெடு. வழக்கறிஞர் செலவை நினைத்தால் ஒரு காப்பகத்துக்கு அது கட்டுப்படியாகாது.

பேசித் தீர்க்க முடியாத தகராறுகளும் உண்டு. எங்கள் பட்டணத்துக்கு வெளியே ஒருவர் தோட்டத்துப் பழைய புகைக்கூண்டை, ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைத்த உயரமான கட்டடத்தை, கல்யாண மண்டபமாக்கினார். அழகாகச் செய்திருந்தார். சுற்றிலும் எண்ணெய்ப் பனை, பக்கத்தில் வீடே இல்லை, ஆட்சேபிக்க ஆளும் இல்லை. ஆனால் நிலம் விவசாய வகை. விவசாய நிலத்தில் குடியிருக்கும் வீடு, விவசாயத்துக்கான கட்டடம், தொழிலாளர்களுக்கான பள்ளி, மருத்துவ வசதி போன்றவற்றுக்குத்தான் இடமுண்டு. கல்யாண மண்டபம் அதில் வராது. தீமிதிக்கும் திருவிழாவுக்கும் ஒரு மாதத்துக்கு மிகாமல் பந்தல் போட்டால் திட்டமிடல் அனுமதி தேவையில்லை, அது வேறு. இவர் செலவழித்ததெல்லாம் முதல் கோப்பைத் திறக்காமலே. அவருக்கு நான் சொல்ல முடிந்தது, நில வகையை மாற்ற விண்ணப்பித்துவிட்டு அதுவரை முன்பதிவு எடுக்காதீர்கள் என்பது மட்டுமே.

அக்கா விஷயத்தில் இன்னொன்று மிச்சமிருந்தது. அண்டை வீட்டு வாசலை மறிக்கக்கூடாது என்று மன்றம் எழுதலாம். செவ்வாய், வியாழன், சனி மதியம் என்று எழுதாது. ஒரு குடும்பத்தின் நோய் திட்டமிடல் நிபந்தனையாகாது. அதனால் அவர்கள் இருவரும் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டார்கள். அந்த மூன்று நாளும் 12.30 முதல் 1.30 வரை வேன் அந்தத் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது, குறுக்குச் சாலையில் நின்று இறக்கிவிட வேண்டும். இரண்டு கையெழுத்து, சாட்சியாக நான். நீதிமன்றத்தில் அது எவ்வளவு நிற்கும் என்று யாரும் பார்க்கவில்லை.

முதல் வாரமே வேன் பழையபடி மாமரத்தடியில் நின்றது. டிரைவரைக் கேட்டால், பக்கக் கேட்டில் வெயில், பிள்ளைகள் தார்ச்சாலையில் நின்று பை எடுக்கிறார்கள், பாவமாக இருக்கிறது என்றார். அவர் சொன்னது நியாயம். நிழலைப் பெலானில் போட நான்தான் மறந்திருந்தேன். இப்போது பக்கக் கேட்டுக்கு மேல் பத்தடிக்குப் பன்னிரண்டடி தகரக் கூரை ஒன்று வரைந்து வைத்திருக்கிறேன். அதற்கும் கட்டடப் பிரிவின் அனுமதி வேண்டும், விண்ணப்பம் திங்கட்கிழமை போகிறது. தூண் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அளந்து சொன்னது அண்ணன்.